எந்த லுக்அப் ஃபங்ஷனைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: எக்ஸெலில் உள்ள எங்கள் பணியாளர் பட்டியலில் பெயர் முதல் நெடுவரிசையிலும், பணியாளர் எண் மூன்றாவதிலும், பணியில் சேர்ந்த தேதி நான்காவதிலும், துறை ஐந்தாவதிலும் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் பெயரும் துறையும் வர வேண்டும். ஒரு மதிப்பைத் தேடி அதே வரிசையிலுள்ள வேறொன்றை எடுத்துத் தரும் வீலுக்அப் ஃபங்ஷன், துறையைச் சரியாகக் கொண்டுவந்தது. பெயரைக் கொண்டுவர முடியவில்லை. இடையில் தொலைபேசி எண்ணுக்கென ஒரு நெடுவரிசையைச் செருகியதிலிருந்து துறை வர வேண்டிய இடத்தில் தொலைபேசி எண் வருகிறது. எக்ஸ்லுக்அப்புக்கு மாறும்படி சிலரும், இண்டெக்ஸ்–மேட்ச் போதும் என்று சிலரும் சொல்கிறார்கள். கோப்பைத் திறக்கும் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இல்லை. எதைப் பயன்படுத்துவது?

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு முந்தைய வரியிலேயே விடை இருக்கிறது. பதிப்புகள் கலந்திருக்கும் இடத்தில் இண்டெக்ஸ்–மேட்ச்தான் பொருத்தமானது. எல்லோரிடமும் புதிய பதிப்பு வந்துவிட்ட பிறகு எக்ஸ்லுக்அப்புக்கு மாறிக்கொள்ளலாம். எந்த ஃபங்ஷன் நவீனமானது என்பதைவிட, தவறு நேரும்போது எது சத்தம் போட்டுச் சொல்கிறது, எது ஓசையின்றித் தவறான விடையைத் தந்துவிட்டுப் போகிறது என்பதை வைத்தே நான் தேர்வு செய்வேன்.

வீலுக்அப்பில் உங்களுக்கு நேர்ந்த இரண்டு சிக்கல்களும் அதன் அமைப்பிலேயே இருப்பவை. நாம் கொடுக்கும் பரப்பின், அதாவது செல்களின் தொகுதியின், முதல் நெடுவரிசையில் மட்டுமே அது தேடும். விடையை அதற்கு வலப்புறத்திலிருந்துதான் எடுக்கும். எண்ணுக்கு இடப்புறத்தில் இருக்கும் பெயர் அதன் கைக்கு எட்டாது. அடுத்ததாக, விடை எந்த நெடுவரிசையில் இருக்கிறது என்பதை நாம் ஒரு எண்ணாக எழுதிக் கொடுக்கிறோம். பணியாளர் எண்ணில் தொடங்கும் பரப்பில் துறை மூன்றாவது என்பதால் 3 என்று எழுதியிருப்பீர்கள். நடுவில் ஒரு நெடுவரிசை நுழைந்ததும் பரப்பு தானாக விரிந்துகொண்டது. ஆனால் கையால் எழுதிய 3 அப்படியே நின்றது, மூன்றாவது இடத்தில் இப்போது தொலைபேசி எண் இருக்கிறது. வந்தது தொலைபேசி எண் என்பதால் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அதுவே முந்தைய துறை, இப்போதைய துறை என்று ஒரே சாயலுள்ள இரண்டு நெடுவரிசைகளாக இருந்திருந்தால் மாதக்கணக்கில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இவற்றைவிட ஆபத்தான பிழை ஒன்று உண்டு. வீலுக்அப்பின் நான்காவது உள்ளீட்டை எழுதாமல் விட்டால், அது ‘ட்ரூ’ என்று எடுத்துக்கொண்டு தோராயப் பொருத்தத்தைத் தேடும்; அதாவது, அதே மதிப்பு கிடைக்காவிட்டால் அதைவிடச் சிறியவற்றில் மிக அருகிலுள்ளதை எடுத்துக்கொள்ளும். தோராயத் தேடல், நெடுவரிசை ஏறுவரிசையில் இருப்பதாக நம்பி, நடுவில் உள்ள மதிப்பைப் பார்த்துப் பாதியை ஒதுக்கிக்கொண்டே போகும். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்: பணியாளர் எண்கள் மேலிருந்து கீழாக 101, 340, 215, 180, 402, 260, 390 என்று இருக்க, நாம் 215-ஐத் தேடுகிறோம். நடுவில் இருப்பது 180. 215 அதைவிடப் பெரியது என்பதால் மேல்பாதி முழுவதும் ஒதுக்கப்படுகிறது, மூன்றாவது வரிசையில் இருக்கும் 215-ம் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. மீதியில் நடுவிலுள்ள 260 பெரியது, அதற்கு மேலுள்ள 402-ம் பெரியது. ஆகவே 180-க்கு உரியவரின் துறையே விடையாக வந்து நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. நான்காவது உள்ளீடாக ‘ஃபால்ஸ்’ அல்லது 0 எழுதுவதை மறக்கவே கூடாது என்பது இதனால்தான். மதிப்பெண்ணுக்குத் தரநிலை, வருமானத்துக்கு வரி அடுக்கு போன்ற வரம்பு அட்டவணைகளுக்குத் தோராயப் பொருத்தம் மிக நல்ல கருவி; ஆனால் அங்கும் அட்டவணை ஏறுவரிசையில் இருந்தாக வேண்டும்.

இண்டெக்ஸ்–மேட்ச் இந்த வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. மேட்ச், தேடும் மதிப்பு எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று சொல்கிறது. இண்டெக்ஸ், இன்னொரு நெடுவரிசையில் அதே வரிசையிலுள்ள மதிப்பை எடுத்துத் தருகிறது. உங்கள் தேவைக்கு அது இப்படி அமையும்:

=இண்டெக்ஸ்(துறை நெடுவரிசை, மேட்ச்(தேடும் எண், பணியாளர் எண் நெடுவரிசை, 0))

துறைக்குப் பதிலாகப் பெயர் நெடுவரிசையைக் கொடுத்தால் பெயர் வரும். இடம், வலம் என்ற பேச்சே இல்லை. நெடுவரிசைகள் தனித்தனியாகச் சுட்டப்படுவதால் நடுவில் எதைச் செருகினாலும் சுட்டுகை தானே நகர்ந்துகொள்ளும். சுட்டிய நெடுவரிசையையே யாராவது நீக்கிவிட்டால் ‘#ரெஃப்!’ என்று வெளிப்படையாகக் கத்தும். அது நமக்கு நல்லதே. இறுதியில் உள்ள 0-வை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் மேட்சும் இயல்பாகத் தோராயத்தையே தேடும். இரண்டு பரப்புகளும் ஒரே வரிசையில் தொடங்க வேண்டும். ஒன்று தலைப்பு வரிசையிலும் மற்றது அதற்கு அடுத்ததிலும் தொடங்கினால், ஒவ்வொருவருக்கும் பக்கத்து வரிசைக்காரரின் துறை வந்து சேரும். ஒரே எண்ணுக்குப் பெயர், துறை, தேதி என்று பலவற்றை எடுப்பதானால், மேட்சை ஒரு துணை நெடுவரிசையில் ஒருமுறை மட்டும் எழுதி, எல்லா இண்டெக்ஸ்களும் அதைப் பார்க்கும்படி செய்யுங்கள். தேடல் ஒரே முறை நடக்கும்; ஃபார்முலாவைப் பிறகு படிப்பவருக்கும் எளிது.

எக்ஸ்லுக்அப் இவை அனைத்தையும் ஒரே ஃபங்ஷனில் தருகிறது. தேடும் மதிப்பு, தேடும் நெடுவரிசை, விடை நெடுவரிசை என்ற மூன்றும் போதும். எதுவும் சொல்லாவிட்டால் துல்லியப் பொருத்தத்தையே தேடும் என்பது என் பார்வையில் அதன் மிகப் பெரிய நன்மை. கிடைக்காதபோது என்ன காட்ட வேண்டும் என்பதை நான்காவது உள்ளீடாகவே எழுதலாம். கீழிருந்து மேலாகத் தேடச் சொல்லவும் முடியும் என்பதால், ஒரே எண் பலமுறை வரும் பதிவேட்டில் கடைசிப் பதிவை எடுக்க அது உதவும். 2019-இல் அறிமுகமான இது மைக்ரோசாஃப்ட் 365-இலும் எக்ஸெல் 2021-இலும் உண்டு; எக்ஸெல் 2016, 2019 பதிப்புகளில் இல்லை. கூகுள் ஷீட்ஸில் 2022-இலும், லிப்ரே ஆஃபிஸில் 2024-இல் வந்த 24.8 பதிப்பிலும் சேர்ந்தது. பழைய பதிப்பில் திறந்தால் முன்பு கணக்கிட்ட விடைகள் அப்படியே தெரியும். யாராவது அந்தச் செல்லைத் திருத்தி என்டர் தட்டினாலோ, அது மறுபடி கணக்கிடப்பட்டாலோதான், இந்தப் பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் ‘#நேம்?’ பிழை தோன்றும். திறந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது என்று உங்கள் சக ஊழியர் சொல்வதை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம்.

எந்த ஃபங்ஷனுக்கு மாறினாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. எண் கண்ணெதிரே இருக்க, கிடைக்கவில்லை என்று பொருள்படும் ‘#என்/ஏ’ பிழை வருகிறது என்றால், பெரும்பாலும் ஒருபக்கம் அது எண்ணாகவும் மறுபக்கம் உரையாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். சீரமைப்பு (அலைன்மென்ட்) மாற்றப்படாத செல்லில் உரை இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் ஒட்டி நிற்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். 00417 போல முன்னால் சுழியம் உள்ள எண்கள் என்றால் இருபக்கமும் உரையாகவே வைத்துக்கொள்ளுங்கள். வேறு மென்பொருளிலிருந்து ஒட்டிய தரவில் எண்ணுக்குப் பின்னால் இடைவெளி ஒளிந்திருக்கலாம். சாதாரண இடைவெளியை ட்ரிம் நீக்கும், இணையப் பக்கங்களிலிருந்து வரும் 160 குறியெண் கொண்ட இடைவெளியை அது நீக்காது, அதை சப்ஸ்டிட்யூட் கொண்டு மாற்ற வேண்டும். எந்தப் பிழை வந்தாலும் அதற்குப் பதிலாக நாம் சொன்னதைக் காட்டும் இஃப்எரர் போட்டு எல்லாவற்றையும் மூடி மறைப்பதை நான் ஆதரிப்பதில்லை. எழுத்துப் பிழையால் வரும் ‘#நேம்?’ கூட அதில் புதைந்துவிடும். கிடைக்காததை மட்டும் பிடிக்க இஃப்என்ஏ போதும்.

பழைய ஃபார்முலாவை உடனே அழித்துவிடாமல், பக்கத்து நெடுவரிசையில் புதியதை எழுதி, மூன்றாவதில் இரண்டும் சமமா என்று ஒப்பிட்டு, ‘ஃபால்ஸ்’ வந்த வரிசைகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். செருகிய தொலைபேசி நெடுவரிசையால் இப்போது எல்லா வரிசைகளுமே வேறுபடும் என்பதால், ஒப்பிடும் முன் பழைய ஃபார்முலாவிலுள்ள 3-ஐ 4 என்று திருத்திக்கொள்ளுங்கள்.