பழைய மோட்டாருக்குப் புது ரியர்செட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: என்னிடம் 1992-ஆம் ஆண்டு ஹோண்டா சிபிஆர்400ஆர்ஆர் இருக்கிறது. போன மாதம் வாசலில் சாய்ந்து, வலது பக்கக் கால்மிதித் தட்டு உடைந்துவிட்டது. ஒரிஜினல் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. இணையக் கடை ஒன்றில் ‘எல்லா ஸ்போர்ட்ஸ் மோட்டாருக்கும் பொருந்தும்’ என்று 380 வெள்ளிக்கு ரியர்செட் (கால்மிதி, பெடல், அவற்றைத் தாங்கும் தட்டு சேர்ந்த தொகுதி) விற்கிறார்கள். பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறைக்காரர் அலுமினியத்தில் வெட்டித் தருகிறேன், 900 வெள்ளி, பாதி முன்பணம் என்கிறார். தினமும் பினாங்கு பாலத்தில் வேலைக்குப் போகிறவன் நான். எதை வாங்குவது? பொருந்தாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: பட்டறைக்காரரிடமே போங்கள். ஆனால் முன்பணத்தைக் கையில் எடுக்கும் முன், பிரேக் பக்கத்தை எப்படிச் செய்யப்போகிறார் என்று பேசி முடித்துவிடுங்கள்.

‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்பதை நான் நம்புவதில்லை. வலது தட்டு கால் வைக்க மட்டும் இல்லை. பின் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர், அதாவது உள்ளிருக்கும் பிஸ்டனால் பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் பகுதி, அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. பிரேக் விளக்கு சுவிட்சை இழுக்கும் சின்ன ஸ்பிரிங்கும் அந்தப் பக்கம்தான். பொது ரியர்செட் பலவற்றில் அந்த ஸ்பிரிங்கை மாட்ட இடமே இருப்பதில்லை. “முன் பிரேக் பிடித்தால் விளக்கு எரியுமே” என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். மழையில் பாலத்தில் கால் பிரேக்கை மட்டும் மெல்ல அழுத்துகிறீர்கள். பின்னால் வரும் லோரிக்காரருக்கு அது எப்படித் தெரியும்? ஸ்பிரிங்குக்கு இடம் இல்லையென்றால், பிரேக் எண்ணெயின் அழுத்தத்தில் வேலை செய்யும் சுவிட்ச் வைத்த பேஞ்சோ போல்ட் (பிரேக் குழாயை இணைக்கும் துளையுள்ள போல்ட்) கிடைக்கிறது. அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

அப்புறம், புஷ்ராட். பிரேக் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி அது. சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் என் வண்டிக்கு ரியர்செட் மாட்டினேன். தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தபோது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி கனத்தது. இறங்கிப் பார்த்தால், தூறல் பின் டிஸ்க்கில் பட்டுச் சுரீர் சுரீரென்று ஆவியாகிறது. புஷ்ராடைக் கொஞ்சம் நீளமாக வைத்துவிட்டிருந்தார்கள். காலை எடுத்தாலும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கவில்லை. எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் துளை மூடியே இருந்ததால், சூட்டில் விரிந்த எண்ணெய் தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் முழுதாகப் பூட்டிக்கொள்ளும் முன் நிறுத்தினேன். அது என் அதிர்ஷ்டம். ஆகவே மாட்டி முடித்ததும் பெடலை விரலால் அழுத்திப் பாருங்கள். பிஸ்டனைத் தொடும் முன் சிறிது தளர்வு இருக்க வேண்டும். பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைப் பத்து முறை மிதித்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால்தான் வண்டியை எடுங்கள்.

கியர் பக்கம் இவ்வளவு ஆபத்தில்லை. கியர் ராடும் அது இழுக்கும் கையும் ஏறக்குறைய 90 பாகையில் சந்தித்தால் கியர் சுலபமாக விழும். ராடின் ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை இருந்தால், கழற்றாமலே திருகி கியர் பெடலின் உயரத்தைச் சரிசெய்யலாம்.

உலோகம் 6061-டி6 அலுமினியமா என்று கேளுங்கள். மிதி மடங்கும் வகையாக இருக்கட்டும். மடங்காத மிதி, வண்டி விழுந்தால் தட்டையும் சேர்த்து உடைத்துவிடும். கால்மிதியின் உயரத்தை மாற்றாதீர்கள். ரியர்செட் என்றாலே மேலேயும் பின்னேயும் தள்ளி வைப்பார்கள். அது பந்தயத் தடத்துக்குச் சரி. தினமும் பாலத்து நெரிசலில் நிற்கிறவரின் முழங்காலுக்குச் சரிவராது. உடைந்த வலது தட்டின் துண்டுகளையும் நன்றாக இருக்கும் இடது தட்டையும் அளவுக்காகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சரி, பணம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 உங்களுக்குத் துணை நிற்கிறது. இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கிய பொருள் அந்தக் காரியத்துக்கு உதவ வேண்டும்; வேலையும் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். சொன்னதற்குச் சான்று இருந்தால் உங்கள் கை ஓங்கும். அதனால் ரசீதில் வண்டியின் மாடல், ஆண்டு, உலோகம், பிரேக் விளக்கு எரிய வேண்டும் என்ற நிபந்தனை, பொருந்தாவிட்டால் என்ன செய்வார் என்பது எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்தை, வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். இதை எழுதித் தர மறுக்கிறவரிடம் நான் முன்பணம் கொடுக்க மாட்டேன்.

பேசியும் தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்த 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பொருந்தாத தட்டின் படம் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.