செல் நம் உடம்புக்குள் நிஜமாகவே என்ன வேலை செய்கிறது? படம் வரைந்து பாகம் குறித்தது மட்டும்தான் நினைவிருக்கிறது

கேள்வி கேட்டவர் கீழே விவரமாக எழுதியிருக்கிறார்: பள்ளியில் செல் படம் வரைந்து பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியாயிற்று, "மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்" என்பதும் மனப்பாடம், ஆனால் இத்தனையும் சேர்ந்து என்னதான் செய்கின்றன என்பது மட்டும் பிடிபடவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. படித்து முடித்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு தப்பு செய்து திட்டு வாங்கிய பிறகுதான் புரிந்தது. அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சேர்ந்த புதிது. ஒரு நாள் கிளம்பும் நேரத்தில் ஒரு சாம்பிள் வந்தது. சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும். அவசரம் என்று எதுவும் எழுதவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை கெடாமல் இருக்கட்டும் என்று டியூபை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்து நின்ற சீரத்தை எடுத்து மெஷினில் ஓட்டினேன். சோடியத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பொட்டாசியம் 7.4 என்று வந்தது. இருக்க வேண்டியது 3.5க்கும் 5க்கும் நடுவில். உண்மையிலேயே ஒருவருக்கு 7.4 இருந்தால் இதயம் எப்போது வேண்டுமானாலும் தாளம் தப்பலாம்.

ரிப்போர்ட் போன கொஞ்ச நேரத்தில் டாக்டரிடமிருந்து போன். "இவர் என் எதிரில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். நீங்கள் யாருடைய ரத்தத்தைப் பார்த்தீர்கள்?" புதிதாக ரத்தம் எடுத்து, கையோடு சீரத்தைச் செல்களிலிருந்து பிரித்துப் பார்த்ததில் 4.1.

எங்கள் சீனியர் அக்கா கேட்டது ஒரே கேள்வி. "பிரிக்காமலா ஃப்ரிட்ஜில் வச்சே?" ஆமாம் என்றேன். "அப்போ குளிர்ல பம்பு நின்னுருக்கும், உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்திருக்கும். அவருக்கு ஒண்ணுமில்லை, உன் டியூபுக்குத்தான் வியாதி."

செல்கள் உடைந்துபோயிருக்கும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஆனால் சிவப்பணு உடைந்தால் ஹீமோகுளோபின் கொட்டி, சீரம் ரோஸ் நிறத்துக்கு மாறிவிடும். பார்த்தவுடனே தெரியும். என் டியூபில் சீரம் வெளிர் மஞ்சளாக, சுத்தமாக இருந்தது. ஒரு செல்கூட உடையவில்லை. அத்தனை செல்லும் முழுசாக இருக்க, உள்ளே இருக்க வேண்டிய சரக்கு மட்டும் வெளியே கசிந்திருக்கிறது. உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது: செல்லின் முதல் வேலை, தன் உள்ளை வெளியிலிருந்து வேறாக வைத்துக்கொள்வது. படத்தில் நீங்கள் குறித்த மற்ற பாகங்கள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அந்த வேலைக்கு உழைக்கின்றன, அல்லது அந்த வித்தியாசத்தை வைத்துப் பிழைக்கின்றன.

எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 4 மில்லிமோல் போல. பெரும்பாலான செல்களுக்குள் ஏறக்குறைய 140. சோடியம் அப்படியே தலைகீழ்: வெளியே 140, உள்ளே 10, 15. இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருப்பது செல் சவ்வு என்ற கொழுப்புப் படலம். சிவப்பணுவின் அகலம் ஏழரை மைக்ரோமீட்டர் என்றால், சவ்வின் தடிமன் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதுவும் முழுக்க அடைத்த சுவர் கிடையாது. ஆங்காங்கே புரதத்தால் ஆன வழிகள் உண்டு, அவற்றின் வழியே பொட்டாசியம் சதா கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது போன்ற பிழைப்பு.

இறைப்பதற்குத்தான் பம்பு. அதுவும் சவ்வில் பதிந்த ஒரு புரதம்தான். உள்பக்கம் 3 சோடியத்தைப் பிடித்து வெளியே தள்ளும், வெளியிலிருந்து 2 பொட்டாசியத்தைப் பிடித்து உள்ளே போடும், ஒவ்வொரு தடவைக்கும் ஏடிபி என்ற, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு ஒன்றைச் செலவழிக்கும். நண்டுக் கால் நரம்பை அரைத்துச் சோதித்துக்கொண்டிருந்த யென்ஸ் ஸ்கூ என்ற டென்மார்க்காரர் 1957இல் இதைக் கண்டுபிடித்து எழுதினார். நோபல் பரிசு வந்தது 1997இல், நாற்பது வருஷம் கழித்து. நாம் சும்மா படுத்துக் கிடக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு போல இந்த ஒரு பம்புக்கே போகிறது. ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் பம்பு ஏறக்குறைய நின்றுவிட்டது, கசிவு நிற்கவில்லை. ராத்திரி முழுக்க நடந்தது அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு செலவு செய்து இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றி என்ன லாபம்? அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினால் மதகைத் திறக்கும்போது வேலை வாங்கலாம் அல்லவா, அந்த லாபம். நரம்பு செல்லில் சோடியம் வழிகள் திறந்தால் வெளியே காத்திருக்கும் சோடியம் உள்ளே பாய்கிறது. சவ்வின் மின்னழுத்தம் ஒரு மில்லி நொடிக்குள் புரள்கிறது. அந்தப் புரளல் அடுத்த இடம், அதற்கடுத்த இடம் என்று ஓடுவதுதான் நரம்புச் செய்தி. இதயத் தசை துடிப்பதற்கும் இதே போன்ற மின் ஏற்றஇறக்கம் வேண்டும். அதனால்தான் வெளியே பொட்டாசியம் 7க்கு மேல் போனால் டாக்டர் பதறுகிறார். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் குறைந்தால் இதயத்தின் தாளக் கணக்கே குழம்பும்.

வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் கொடுக்கிறார்களே, அதுவும் இதே அணைத் தண்ணீர்தான். குடல் செல்லின் உள்ளே சோடியத்தைக் குறைவாகவே வைத்திருக்கிறது பம்பு. குடலில் இருக்கும் சோடியம் உள்ளே நுழையத் துடிக்கிறது. நுழையும் வாசலில் நிற்கும் புரதமோ, கூடவே குளுக்கோஸையும் அழைத்து வந்தால்தான் விடுவேன் என்கிறது. இரண்டும் ஜோடியாக நுழைய, பின்னாலேயே தண்ணீர் போகிறது. வெறும் தண்ணீரைவிட இது நன்றாக உள்ளே இழுக்கப்படுவது இதனால்தான். இத்தனை உயிர்களைக் காப்பாற்றிய ஒரு வைத்தியம் சவ்விலுள்ள ஒரு வாசலை நம்பி நிற்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

இப்போது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வரலாம். பம்புக்கு ஏடிபி வேண்டும். உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி சில பத்து கிராம்தான். ஆனால் ஒரு நாளில் செலவாவதைக் கூட்டினால் கிட்டத்தட்ட நம் எடை அளவுக்கு வரும். அதாவது செலவான ஒவ்வொரு ஏடிபியும் ஒரு நாளில் ஆயிரம் முறை போல மறுபடி தயாராகிறது. தயாரிக்கும் விதம்தான் வேடிக்கை. மைட்டோகாண்ட்ரியாவுக்கும் ஒரு உள் சவ்வு உண்டு. உணவிலிருந்து கிடைத்த எலக்ட்ரான்களைக் கைமாற்றி ஆக்சிஜனிடம் சேர்க்கும்போது கிடைக்கும் ஆற்றலில் அது புரோட்டான்களை ஒரு பக்கமாக இறைத்துத் தேக்குகிறது. அவை திரும்பி வரும் வழியில் சக்கரம் போல நிஜமாகவே சுற்றும் ஒரு புரதம் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. மறுபடியும் சவ்வு, மறுபடியும் அணை! ஸ்கூவுக்குக் கிடைத்த அதே 1997 வேதியியல் நோபலின் மறுபாதி, இந்தச் சக்கரம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிய பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் போனது. சம்பாதிப்பவனுக்கும் செலவாளிக்கும் ஒரே மேடையில் பரிசு.

சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது, உட்கருவும் கிடையாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளிவரும் வழியில் இரண்டையும் துறந்துவிட்டு, உள்ளே சுமார் 27 கோடி ஹீமோகுளோபினை அடைத்துக்கொள்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கிறதே தவிர, அதில் ஒரு துளியும் தான் எரிப்பதில்லை. ஆனாலும் அதற்கும் பம்பு உண்டே, ஏடிபி வேண்டுமே? குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமல் உடைத்துக் கொஞ்சம் தேற்றிக்கொள்கிறது. எங்கள் வேலையில் இது தினசரித் தலைவலி. டியூபுக்கு வந்த பிறகும் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டுதான் இருக்கின்றன. பிரிக்காமல் வெளியே வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சர்க்கரை பார்க்க எடுக்கும் ரத்தத்தைத் தனியாகச் சாம்பல் நிற மூடி போட்ட டியூபில் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் ஃபுளூரைடு, குளுக்கோஸை உடைக்கும் வரிசையில் ஒரு நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது.

உட்கரு, ரைபோசோம், எண்டோபிளாச வலை, கோல்கை என்ற மீதிப் பட்டியலுக்கு ஒரே ஒரு செல்லைக் காட்டுகிறேன்: கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல். உட்கருவிலுள்ள டிஎன்ஏவில் புரதம் செய்வதற்கான மரபணுக்கள் சுமார் 20,000. ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் அதே 20,000தான். பீட்டா செல் மட்டும் இன்சுலின் மரபணுவை ஓயாமல் படியெடுக்கிறது. அந்த நகலைப் பார்த்து ரைபோசோம் நீளமான ஒரு புரதச் சங்கிலியைக் கோத்து எண்டோபிளாச வலைக்குள் தள்ளுகிறது. அங்கே அது மடிந்து உருப்பெற்று, கோல்கைக்குப் போய், சின்னச் சின்னப் பைகளில் அடைபடுகிறது. பைக்குள் வைத்து நடுத்துண்டை வெட்டி எடுத்த பிறகுதான் அது இன்சுலின். வெட்டிய துண்டையும் செல் தூக்கிப் போடுவதில்லை, இன்சுலினோடு சேர்த்தே வெளியே விடுகிறது. அதுதான் சி-பெப்டைடு. ஊசி போட்டுக்கொள்ளும் இன்சுலினில் அந்தத் துண்டு இருக்காது. ஆகவே ஊசி போடுபவரின் கணையம் சொந்தமாக ஏதாவது சுரக்கிறதா என்று அறிய, நாங்கள் சி-பெப்டைடைத்தான் அளக்கிறோம்.

பை எப்போது வாய் திறக்கும்? சாப்பிட்டதும் செல்லுக்குள் குளுக்கோஸ் ஏறுகிறது, ஏடிபி கூடுகிறது. ஏடிபி கூடினால் மூடிக்கொள்ளும் ஒரு பொட்டாசியம் வழி அதன் சவ்வில் இருக்கிறது. அது மூடியதும் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே வந்து, பைகள் சவ்வோடு ஒட்டி உள்ளிருப்பதை வெளியே கொட்டுகின்றன. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் செய்வதும் அந்தப் பொட்டாசியம் வழியை மூடுவதைத்தான். எங்கே சுற்றினாலும் பொட்டாசியத்திடமே வந்து நிற்கிறேன் என்று தோன்றலாம். வேண்டுமென்று செய்யவில்லை, உடம்பு அப்படி!

லைசோசோமைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கழிவை அரைக்கும் இடம், அது கோளாறானால் கழிவு தேங்கி நோய் வரும், இப்போதைக்கு அது போதும்.

ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுக்கள், ஆனால் உள்ளே வைத்திருக்கும் சரக்கு வேறுவேறு என்பதை நான் தினமும் ரிப்போர்ட்டில் பார்க்கிறேன். எஸ்ஜிபிடி என்ற நொதி பெரும்பாலும் கல்லீரல் செல்லுக்குள் இருப்பது. இதயத் தசைக்கென்றே டிரோபோனின் என்ற புரதத்தில் ஒரு வகை இருக்கிறது. இவை ரத்தத்தில் கூடியிருந்தால் அந்த உறுப்பின் செல்கள் அடிபட்டுச் சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள். யோசித்துப் பார்த்தால் என் வேலையில் ஒரு பெரும்பகுதி, உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

ஆனால் எல்லாச் செல்லும் இப்படிக் கிழிந்து சாவதில்லை. உடம்பில் இருக்கும் சுமார் 30 லட்சம் கோடி செல்களில் எண்ணிக்கைப்படி ஐந்தில் நான்குக்கு மேல் சிவப்பணுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 120 நாள் போல. அப்படியானால் நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் போகின்றன, அதே அளவு புதிதாக வருகின்றன. பெரும்பாலும் அவை நடுவழியில் வெடிப்பதில்லை. கிழடானதும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கும் செல்கள் முழுசாகப் பிடித்து அரைத்து, இரும்பை மட்டும் எடுத்து மறுபடி மஜ்ஜைக்கு அனுப்புகின்றன. மூன்று மாதச் சர்க்கரை சராசரி என்று பார்க்கும் எச்பிஏ1சி, அந்த 120 நாளில் ஹீமோகுளோபினில் ஒட்டிச் சேர்ந்த சர்க்கரையின் கணக்கு. மற்ற செல்களுக்கும் அமைதியாக ஒழுங்காகச் சாகும் வழி உண்டு. டிஎன்ஏவைத் துண்டாக்கி, தன்னைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, பக்கத்துச் செல் விழுங்குகிற மாதிரி வைத்துவிட்டுப் போகும். கருவில் நம் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்ததே நடுவில் இருந்த செல்கள் இப்படி விலகியதால்தான். கடைசி வரை சரக்கு வெளியே சிந்துவதில்லை.

1665இல் ராபர்ட் ஹூக் தக்கையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் 'செல்', அதாவது சின்ன அறை என்று பெயர் வைத்தபோது அவர் கண்டது செத்துப்போன செல்களின் காலிச் சுவர்களை. உள்ளே ஒன்றும் இல்லை. நம் பாடப்படங்கள் அதற்கு நேர்மாறு: உள்ளே எல்லாவற்றையும் வண்ணமடித்து நிரப்பிவிட்டு, சவ்வுக்கு ஒரு கோட்டோடு முடித்துக்கொள்வார்கள். நான் வரைந்த படத்திலும் அப்படித்தான்.

அப்புறம் ஒரு விஷயம், நேரடியாக உங்களுக்குப் பயன்படும். பொட்டாசியம் பார்க்க ரத்தம் கொடுக்கும்போது, நரம்பு தெரியட்டும் என்று கையை மூடி மூடித் திறக்காதீர்கள். ஒவ்வொரு தடவை இறுக்கும்போதும் முன்கைத் தசை செல்கள் கொஞ்சம் பொட்டாசியத்தை வெளியே விடும். மேலே பட்டை கட்டியிருப்பதால் அது அங்கேயே தேங்கும், ஊசியில் வருவதும் அந்த ரத்தம்தான். லேசாக ஒருமுறை மூடி வைத்துக்கொண்டால் போதும்.