இடித்த வீட்டுச் செங்கல்லை மறுபடி பயன்படுத்தலாமா?

பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கும் செங்கல், நிலை, கதவு, ஓடு ஆகியவற்றை உருமாற்றாமல் அப்படியே புது வீட்டுக்கு எடுத்துக்கொள்வதுதான் மறுபயன்பாடு. உருக்கியோ அரைத்தோ வேறு பொருளாக்கினால் அது மறுசுழற்சி.

ஆனால் எல்லா வீட்டுச் செங்கல்லும் இதற்கு ஆகாது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் என்றால் உங்களுக்கு யோகம். காரை செங்கல்லைவிட மென்மையானது. கொத்தினால் காரைதான் உதிரும், கல் முழுசாகக் கைக்கு வரும். சிமெண்டுக் கலவை கல்லை லேசில் விடாது. பிரித்தால் பெரும்பாலும் கல்லே உடையும். தையலைப் பிரித்தால் துணி மிஞ்சும், பசை போட்டு ஒட்டியதைப் பிய்த்தால் துணியே கிழியும் அல்லவா, அதே கதைதான். உடைந்த சிமெண்டுச் சுவர் தரைக்கு அடியில் நிரப்ப உதவும், அவ்வளவே.

மரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இன்றும் விலைபோகின்றன. (கரையான் அரித்ததா என்று அடிப்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.)

பழைய கல் பலமிழந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வயது பிரச்சினையே இல்லை, இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், 24 மணி நேரம் நீரில் ஊறினாலும் எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது.