பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: அந்தியூர் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். மகனுக்கு 17 வயது. நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ படிக்கிறான். தீபாவளி நோம்பிக்கு வந்தவன், திரும்பக் கிளம்புகிற அன்று வயிற்று வலி, வாந்தி என்று படுத்துவிட்டான். ஸ்கேனில் ஒன்றுமில்லை. கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டினோம். ஒரு மாதமாக ராத்திரி தூங்குவதில்லை, எது கேட்டாலும் எரிந்து விழுகிறான். ஆசையாக வளர்த்த கன்றுக்குட்டியைப் பார்க்கக் கட்டுத்தரைப் பக்கம்கூடப் போவதில்லை. அவன் அப்பா ‘நடிக்கிறான், எல்லாம் செல்போன் பண்ற வேலை’ என்கிறார். மார்ச்சில் பரீட்சை. அது முடிந்ததும் மனநல டாக்டரிடம் காட்டலாமா? மாத்திரை ஆரம்பித்தால் விடவே முடியாதாமே?

பதில்: காத்திருக்காதீர்கள் அம்மா. இந்த வாரமே காட்டுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஸ்கேனைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கன்றுக்குட்டி. படிக்கப் பிடிக்காத பையன் புத்தகத்தைத்தான் ஒதுக்குவான், கன்றுக்குட்டியை ஒதுக்க மாட்டான். பிடித்த எதிலும் மனசு ஒட்டாமல், தூக்கமும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்று பார்த்தாக வேண்டும். இந்த வயதில் அது அழுகையாக வராமல் பல நேரம் கோபமாகவும் சிடுசிடுப்பாகவும்தான் வெளியே தெரியும். அதனால் வீட்டில் ‘திமிர்’ என்று பெயர் வாங்கிவிடுகிறார்கள்.

வயிற்று வலியும் நடிப்பில்லை. பயம் வந்தால் மூளையிலிருந்து குடலுக்குப் போகும் நரம்புகள் வழியாக வயிறு நிஜமாகவே இறுக்கிப் பிடிக்கும், குமட்டும். ஸ்கேனில் கல்லோ கட்டியோ தெரியும், இந்த இறுக்கம் தெரியாது. ‘சரி, போக வேண்டாம்’ என்றதும் வலி குறைகிறதே என்று அவன் அப்பா கேட்கலாம். பயந்த இடத்துக்குப் போக வேண்டியதில்லை என்றானதும் உடம்பு தளர்கிறது, அதுதான் காரணம். ஆனால் தப்பிக்கத் தப்பிக்க அடுத்த முறை பயம் கூடும். ஆகவே வீட்டிலேயே கிடக்கட்டும் என்று விடுவதும் சரியில்லை, இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவதும் சரியில்லை. ஹாஸ்டலில் அடி, சீனியர்கள் தொல்லை, வேறு சீண்டல் ஏதாவது நடந்ததா என்று தெரியாமல் அவனைத் திருப்பி அனுப்பவே கூடாது. அப்படி ஏதாவது இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ல் சொல்லலாம்.

எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். பைக்கில் போகும்போது, முகம் பார்க்க வேண்டியில்லாத நேரத்தில், பிள்ளைகள் சுலபமாக வாய் திறப்பார்கள். ‘ஏன் கண்ணு இப்படி இருக்கறே?’ என்றால் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் வரும், ஏனென்று அவனுக்கே தெரியாது. ‘மூணு மணிக்கும் உன்ற ரூம்ல லைட்டு எரியுது சாமி. தூக்கம் வராம என்ன நெனச்சுட்டு இருக்கறே?’ என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லிக் கேளுங்கள். அவன் பேச ஆரம்பித்தால் நடுவில் புத்தி சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கை இழுக்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: ‘செத்துப்போயிரலாம்னு தோணுதா கண்ணு?’ கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று எல்லாத் தாய்மாரும் பயப்படுகிறார்கள். கிளப்பிவிடாது. உள்ளே வைத்துப் புழுங்கும் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். ‘நானில்லாட்டி ஃபீஸாவது மிச்சம்’ என்கிற மாதிரி பேச்சு, கையில் கீறல், பிடித்த பொருளை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடுவது, இதில் எது தெரிந்தாலும் சும்மா விடாதீர்கள். ‘ஆமாம்’ என்று சொன்னால் திட்டாமல், சத்தியம் வாங்காமல், ஒரு நிமிடமும் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வண்டிக்கு 108.

அவன் என்ன பதில் சொன்னாலும் இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து, வாசல் தெளிக்கிற சாணிப்பவுடர், அப்பாருவின் (தாத்தாவின்) மாத்திரைகள் எதுவும் சாளையில் அவன் கைக்கு எட்டும்படி இருக்கக் கூடாது. பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணம் பலருக்கும் கொஞ்ச நேரம் உச்சத்துக்குப் போய்த் தணியக்கூடியது, அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் உயிர் தப்பும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன.

பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். கோவை, சேலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டாக்டர் உங்களோடும் அவனோடும் தனித்தனியாகப் பேசுவார், நீங்கள் வெளியே இருக்கும் அந்த நேரம் அவசியம். ரத்தசோகையும் தைராய்டும் சோர்வைக் கொடுக்கும் என்பதால் ரத்தம் எடுக்கச் சொல்லலாம். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்: சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

மாத்திரை விஷயம். லேசான நிலைக்கு மனம்விட்டுப் பேசவைத்துக் குணப்படுத்தும் சிகிச்சையே போதும். அதற்கு மேல் போனால் ஃப்ளூஆக்ஸிடின் போன்ற மருந்து தருவார்கள். இவை போதைபோல் அடிமையாக்குபவை அல்ல. மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரைதான் பழகிப் போகும், அதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். குணம் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். முதல் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குப் பதற்றமும் சாகும் எண்ணமும் கூடுவதுண்டு. அப்போது கூடவே இருந்து பாருங்கள், மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நன்றாகிவிட்டான் என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. தேறிய பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் கொடுத்து, டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.

இனி மார்ச் பரீட்சை விஷயம். தூங்காத, கவனம் நிற்காத பையன் இன்னும் நான்கு மாதம் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் மண்டையில் ஏறாது. இப்போதே சிகிச்சை தொடங்கினால் பரீட்சை எழுதவும் வாய்ப்புண்டு. முடியாவிட்டால் பிளஸ் டூவுக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு இருக்கிறது, பரீட்சைக்கு வராதவர்களும் எழுதலாம். இதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்பா சொன்னால் இன்னும் நல்லது. கட்டிய ஃபீஸைப் பற்றி அவன் காதுபடப் பேச வேண்டாம். ஹாஸ்டலை விட்டு வீட்டிலிருந்தே போய்வர ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் பள்ளியில் கேளுங்கள்.

கோயில் கயிறு கையிலேயே இருக்கட்டும், அதைக் கழற்ற எந்த டாக்டரும் சொல்லப்போவதில்லை. செல்போனைப் பிடுங்கவும் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லார் போனும் முன்னறையில் சார்ஜில் கிடக்கட்டும், அப்பா போனும் சேர்த்து. மருத்துவமனைக்கு அவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். நீங்கள் சொல்லி நம்பாததை டாக்டர் சொன்னால் கேட்பார்.

மருத்துவமனைக்குப் போகும் வரை பேச ஆள் வேண்டுமானால் 14416. அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அவன் பேச மறுத்தாலும் நீங்கள் இன்றைக்கு ராத்திரியே கூப்பிடுங்கள்.