நோட்டில் எழுத வேண்டியதும் பத்திரத்தில் எழுத வேண்டியதும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம் நாலரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. கணவருக்கு 66 வயது, எனக்கு 60. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மகளைப் பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். போன மாதம் மகள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தாள். ஒருவரின் காலத்துக்குப் பிறகு வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைப் பக்கம் பக்கமாகக் கேள்விகளாக அச்சிட்டு, பதில் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். வங்கிக் கணக்கு, காப்பீடு, சிகிச்சை, இறுதிச் சடங்கு எல்லாம் அதில் வருகிறது. என் கணவர் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே, "ஏங் கண்ணு, அப்பனுக்கு இப்பவே கருமாதிக் கணக்கு எழுதச் சொல்றயா?" என்று மூடி வைத்துவிட்டார். மாமியாரும் அபசகுனம் என்கிறார். இப்படி எழுதி வைக்கலாமா? எழுதிவிட்டால் உயில் தேவையில்லையா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: தாராளமாக எழுதி வைக்கலாம், ஆனால் அது உயிலுக்கு ஈடாகாது.

மாமியாரின் பேச்சை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள், அது மகன்மேல் உள்ள பாசத்தில் வருவது. அதே சமயம், நம் வீட்டுப் பெரியவர்கள் சாவைப் பற்றிப் பேசாமல் இருந்தவர்களும் அல்லர். என் அம்முச்சி (அம்மாவின் அம்மா), இறப்பதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, தன்னைக் காட்டில் எந்த வேம்புக்கு அருகில் அடக்கம் செய்ய வேண்டும், எந்தச் சேலை உடுத்த வேண்டும், கருமாதிச் சாப்பாட்டுக்குக் கடன் வாங்கக் கூடாது என்றெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதைக் கேட்டவர்கள் நான்கு பேர் உயிரோடு இருந்ததால் எல்லாம் அப்படியே நடந்தது. இன்று பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கும்போது, கேட்டவர்கள் அருகில் இருப்பார்கள் என்று நம்ப முடியாது என்பதால்தான் எழுத்து வேண்டியிருக்கிறது.

என் தகப்பனார் எதையும் சொல்லாமல் போனார். அவருடைய டைரியில் மஞ்சள் மூட்டைக் கணக்குக்கு நடுவே, ஒரு பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில் 'மா. 40' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். 'மா' என்றால் மாமாவா, மாடா, மாதமா? நாற்பது ரூபாயா, நாற்பதாயிரமா, கொடுத்ததா, வாங்கியதா? நானும் அண்ணனும் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இன்றுவரை விடை கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் கழித்து ஒருவர் தாமாகவே வந்து, "உங்கய்யன் கைமாத்தாக் குடுத்ததுங்க" என்று பணத்தை வைத்துவிட்டுப் போனார். அவர் நல்லவர், வந்தார். வராதவர்கள் எத்தனை பேர் என்பதும், நாங்கள் திருப்பித் தராமல் விட்ட கடன் யாருடையது என்பதும் எங்களுக்குத் தெரியாது. அந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே கணவரிடம் சாவுப் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்திலிருந்து தொடங்குங்கள். கூட்டுக் கிணறாக இருந்தால் எந்த நாள் யார் முறை, வண்டித்தடம் யாருடைய காட்டு வழியாக எந்தப் பேச்சின்பேரில் போகிறது, எல்லையைக் காட்டும் பொழிக்கல் எங்கே புதைந்திருக்கிறது, ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, மின் இணைப்பு இன்னும் அப்பாரு (தாத்தா) பெயரிலேயே இருக்கிறதா, கூட்டுறவுச் சங்கத்தில் என்ன பாக்கி என்று மகன் கேட்கட்டும், அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அச்சிட்ட நோட்டில் இந்தக் கேள்விகள் இருக்காது, கடைசியில் உள்ள வெற்றுப் பக்கங்களை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய விவசாயி பாதியில் நிறுத்த மாட்டார். கைமாற்று, சீட்டு, நகை அடகு இவையெல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு, பொங்கல் நோம்பிக்குப் பிள்ளைகள் வரும்போது ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் முழுவதும் கணவரின் நோட்டைப் பற்றியே இருக்கிறது. உங்களுக்கும் ஒரு நோட்டு வேண்டும். நகை எங்கே, மகளிர் குழுவில் எவ்வளவு சேமிப்பு, யாருக்கு என்ன சீர் செய்ய வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் உங்கள் தலையில்தான் இருக்கிறது.

இனி உயில். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி உயில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியவர் கையொப்பமிட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதற்குச் சான்றொப்பமிட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் வரும் சச்சரவு குறையும். பங்கு பெறுபவர்களைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. கணவர் தம் பங்குக்கு மட்டுமே உயில் எழுத முடியும். பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு என்பதை 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் உறுதிசெய்திருப்பதால், உங்கள் தோட்டம் பூர்வீகமா, சுயார்ஜிதமா (அவரே சம்பாதித்ததா) என்பதை ஒரு வழக்கறிஞரிடம் பத்திரங்களைக் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டில் மட்டும் 'வடக்குக் காடு பெரியவனுக்கு' என்கிற மாதிரிப் பாகப்பிரிவினை எழுதவே கூடாது. சாட்சியில்லாத அந்த வரி சட்டப்படி செல்லாது, ஆனால் அண்ணன் தங்கைக்குள் பகையை மூட்ட அது போதும். நோட்டில் உயில் எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

வங்கிக் கணக்குகளில் நாமினி இருக்கிறாரா என்றும் பாருங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். வங்கி வைப்புத்தொகையைப் பெற்றுக்கொள்ளும் நாமினி அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை, வாரிசுகளின் சார்பில்தான் வாங்குகிறார் என்பதைப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். ஏடிஎம் ரகசிய எண்ணை நோட்டில் எழுத வேண்டாம்.

நோட்டை வங்கி லாக்கரில் வைக்காதீர்கள். இறந்த பிறகு லாக்கரைத் திறக்கவே சில நாட்கள் அலைய வேண்டியிருக்கும். சடங்கைப் பற்றி எழுதிய பக்கமோ முதல் மணி நேரத்திலேயே தேவைப்படும். வீட்டு பீரோவே போதும், ஆனால் அது இருக்கும் இடம் இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 71. மீள முடியாத நிலை வந்தால் வென்டிலேட்டரில் வைத்து உயிரை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று இதுபோன்ற நோட்டில் எழுதியிருக்கிறேன். அது போதுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போதாது, அம்மா. உங்கள் விருப்பம் இன்னதென்று பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் தெரிவிக்கும், மருத்துவமனையைக் கட்டுப்படுத்தாது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பில், இத்தகைய முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலை ஒருவர் எழுதி வைக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. அப்போது அதில் நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்றிருந்ததால் நடைமுறையில் எழுதுவது கடினமாக இருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும் என்று ஆக்கினார்கள். உங்களால் முடிவெடுக்க இயலாத நிலையில் உங்கள் சார்பில் பேச வேண்டியவர்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஒருவரை மட்டும் போடாமல் இருவரைப் போடுங்கள், ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் மற்றவர் இருப்பார். இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சிகிச்சை நிறுத்தப்படும் என்பதால், அவசரப்பட்டு யாரும் முடிவெடுத்துவிட முடியாது. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் திரும்பப் பெறலாம்.

எழுதியதைப் பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு, 'அம்மா உண்மையிலேயே இதைத்தான் விரும்பினாளா' என்று தவிக்கிற மகளுக்கு, நோட்டரி முத்திரையைவிட உங்கள் குரல்தான் துணையாக இருக்கும்.

கேள்வி: கண்களையும் உடலையும் தானம் செய்ய விரும்புகிறேன். நோட்டில் எழுதினால் நிறைவேறிவிடுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: குடும்பத்தார் சம்மதிக்காவிட்டால் நிறைவேறாது. கண்ணை இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். உடல் தானத்துக்குப் பெருந்துறையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் இப்போதே விசாரித்து, வாரிசுகளின் ஒப்புதலுடன் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரேதப் பரிசோதனை நடந்த உடலைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள் என்பதால், அப்படி நேர்ந்தால் எரியூட்டுவதா அடக்கம் செய்வதா என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள். கண் வங்கியின் தொலைபேசி எண்ணை நோட்டுக்குள் மட்டும் வைக்காமல், வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.