குதிகால் வலிக்கும் பிள்ளையைத் தாண்டவிடலாமா?

கேள்வி: நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஓடிவராமல் நின்ற இடத்திலிருந்தே மும்முறை தாண்டும் பயிற்சி தருகிறேன். மைதானத்தில் கல் அதிகம் என்பதால் சிமென்ட் தளத்தில்தான் பயிற்சி. தினமும் ஆளுக்கு இருபது முறை. மூன்று வாரத்தில் இரண்டு பிள்ளைகள் குதிகால் வலி என்று விந்தி நடக்கிறார்கள். பயிற்சியையே நிறுத்திவிடட்டுமா?

பதில்: அந்த இரண்டு பேருக்கும் இப்போதைக்கு நிறுத்துங்கள். மற்றவர்களுக்கு நிறுத்த வேண்டாம். ஆனால் இடத்தையும் எண்ணிக்கையையும் உடனே மாற்றுங்கள்.

எட்டு முதல் பதினான்கு வயது வரை குதிகால் எலும்பின் பின்பகுதி முழுதாக ஒட்டியிருக்காது. நடுவே வளரும் குருத்தெலும்பு இருக்கும். கெண்டைத் தசையின் தடித்த நாண் வந்து பிடிப்பதும் அங்கேதான். பிள்ளை உயரமாகும் காலத்தில் எலும்பு முந்திக்கொள்ள, தசை இறுகி நிற்கும். ஒவ்வொரு தாண்டலிலும் அந்த நாண் வெடுக்கென்று இழுக்கும். கீழிருந்து தரை மோதும். அதனால் வருவதுதான் இந்த வலி. சீவர் நோய் என்று பெயர் இருந்தாலும் இது தொற்றோ முறிவோ அல்ல. வளர்ச்சி முடிந்து எலும்பு ஒட்டியதும் மறைந்துவிடும்.

குதிகாலின் இரண்டு பக்கங்களையும் விரல்களால் சேர்த்து அழுத்துங்கள். பிள்ளை முகம் சுளித்தால் பெரும்பாலும் இதுதான். வீக்கம், சிவப்பு, காய்ச்சல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காலை ஊன்றவே முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைக்கலாம். சுவரில் கையூன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி நிற்கட்டும். மூன்று முறை, காலையும் மாலையும். வலிக்கும் அளவுக்கு இழுக்கக் கூடாது. செருப்பில்லாமல் சிமென்ட் தரையில் ஓட வேண்டாம். தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், வலி மாத்திரை கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்புவதும் கூடவே கூடாது. சரியாகச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு ஓரிரு மாதங்கள்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். ஓடிவராததால் இது லேசான தாண்டல் என்று நினைத்துவிடுகிறோம். 1900, 1904 ஒலிம்பிக்குகளில் இது பெரியவர்களுக்கான தனிப் போட்டி; 1900இல் அமெரிக்க வீரர் ரே யூரி 10.58 மீட்டர் தாண்டி வென்றார். ஒரு முறை தாண்டினால் மூன்று தரையிறக்கம், அதில் இரண்டு ஒற்றைக் காலில். நீங்கள் சொன்ன இருபது முறை என்பது, சிமென்ட் தரையில் தினமும் நாற்பது ஒற்றைக்கால் மோதல். பத்து வயதுக் குதிகாலுக்கு இது மிக அதிகம்.

புல்தரையோ, கல் பொறுக்கிக் கொத்திவிட்ட மண்தரையோ போதும். பத்தடி நீளம், நாலடி அகலம் கிடைத்தாலே தொடங்கலாம். தரையில் வழுக்கி நகரும் பாய் வேண்டாம், கணுக்கால் பிசகும். வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி, ஒரு நாளில் முழுத் தாண்டல் ஆறுக்கு மேல் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு முதல் கட்டம் புதிதல்ல. பாண்டி ஆடும்போது நொண்டியடிப்பதுதான் அது: இடது காலால் எழும்பி இடது காலிலேயே இறங்குவது. அடுத்தது வலது காலுக்கு மாறும் எட்டு, அதாவது எட்டி வைக்கும் ஓர் அடி. கடைசியில் இரண்டு காலும் சேர்ந்து இறங்கும் பாய்ச்சல். எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு, முதல் நொண்டியிலேயே முழு வலுவையும் போடுவது. அப்போது கால் உடம்புக்கு வெகு முன்னால் நீண்டு, குதிகால் தரையில் அடிக்கும். வேகம் அங்கேயே செத்துவிடும். எட்டு ஒரு சாணாகச் சுருங்கும். உங்கள் பிள்ளைகளின் வலிக்கு இதுவும் காரணமாயிருக்கலாம்.

அதனால் முதல் சில வாரங்களுக்கு அளவு நாடாவை எடுக்காதீர்கள். பழைய சைக்கிள் டயர் இரண்டை, நடுவுக்கு நடு முக்கால் மீட்டர் இருக்கும்படி போடுங்கள். முதல் டயருக்குள் நொண்டி, இரண்டாவதில் எட்டு, பிறகு விருப்பம்போலப் பாய்ச்சல். மூன்று சத்தமும் ஒரே இடைவெளியில் கேட்க வேண்டும். "தொம்-தொம்… தொம்" என்று கேட்டால் எட்டு குறுகிவிட்டது, டயர்களை நெருக்குங்கள். பாதம் முழுதாக, உடம்புக்கு நேர் கீழே, முழங்கால் சற்று மடங்கி இறங்கட்டும். எதிரே நின்று பாருங்கள்: முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் அந்தப் பிள்ளைக்குத் தாண்டலைக் குறைத்து, ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கப் பழக்குங்கள். இரண்டு கால்களையும் மாற்றி மாற்றித் தொடங்கச் செய்தால் ஒரே குதிகாலில் சுமை சேராது.

வலித்த பிள்ளைகள், குதிகாலை அழுத்தினாலும் பத்து முறை நொண்டியடித்தாலும் வலிக்கவில்லை என்றால் திரும்பி வரலாம். முதல் நாள் இரண்டே தாண்டல். மறுநாள் காலை விந்தாமல் நடந்தால் அடுத்த முறை மூன்று; விந்தினால் ஒரு வாரம் பொறுங்கள்.