தவறு நடந்தால் யார் வந்து சொல்கிறார்கள்? – கேள்வி பதில்

கேள்வி: என் பிரிவில் நேரும் தவறுகள் எனக்குக் கடைசியாகத்தான் தெரியவருகின்றன. ஏன் ஐயா?

பதில்: எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக வேலை பார்க்கும் இடங்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அங்கேதான் அதிகம்! அங்கே இருந்தவர்கள் தயங்காமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்று 1996இல் விளக்கினார்.

நான் கண்ணால் கண்டது ஒன்று. தவறான எண் ஒட்டிய பெட்டிகள் கிளம்பிவிட்டன என்று சொல்ல ஓர் இளைஞன் மேலாளரிடம் வந்தான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "யார் ஒட்டியது?" என்றார். அவன் கையிலிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். "யார்?" என்று தொடங்காதீர்கள். "பெட்டிகள் இப்போது எங்கே?" என்று தொடங்குங்கள்.

கேள்வி: ஊக்கத்தொகையைக் கூட்டினால் வேலை கூடுமா?

பதில்: எண்ணிக் கணக்கிடக்கூடிய வேலையில் பெரும்பாலும் கூடும். விரும்பிச் செய்கிற வேலையில் எச்சரிக்கை தேவை. 1971இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் மாணவர்களிடம் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார். பணம் வாங்கியவர்கள், பணம் நின்றதும் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்தது.

கேள்வி: ஆண்டு மதிப்பீட்டில் குறைகளைச் சொன்னால் திருந்துவார்களா?

பதில்: உறுதியில்லை. குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது கேடு வருகிறது. இங்கும் "யார்?" வேண்டாம்.

கேள்வி: மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கும் மாஸ்லோவின் முக்கோணப்படி...

பதில்: அவருடைய 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் முக்கோணமே கிடையாது.

கேள்வி: பணிநீக்கக் கடிதம் எப்படி எழுதுவது?

பதில்: தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்காவின் ஹாத்தார்ன் தொலைபேசிக் கருவி ஆலையில் வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி உயர்ந்ததே. கவனிப்புதானே மருந்து?

பதில்: பாடநூல்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. 1924இல் தொடங்கிய அந்த வெளிச்சச் சோதனைகளின் எண்களை 2011இல் லெவிட், லிஸ்ட் என்ற பொருளியலாளர்கள் இருவரும் மீண்டும் ஆராய்ந்தார்கள். அப்படிப் பெரிய ஏற்றம் தெரியவில்லை.

இன்னொருவர்: அதே ஆலையில், ரிலே என்ற தொலைபேசிக் கருவிப் பாகத்தைப் பூட்டும் சோதனை அறையில் உற்பத்தி உயர்ந்தது உண்மைதானே? மறுக்கிறீர்களா?

பதில்: மறுக்கவில்லை. காரணத்தைத்தான் மறுக்கிறேன். ரிலே பூட்டிய ஐந்து பெண்களின் கூலி, அந்தச் சிறு குழுவின் உற்பத்தியைப் பொறுத்ததாக மாற்றப்பட்டது. 1928 ஜனவரியில், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இருவரை வெளியேற்றி வேறு இருவரை அமர்த்தினார்கள். கூலி முறை மாறி, ஆளும் மாறிய பிறகு வந்த உயர்வை அன்பான கவனிப்பின் கணக்கில் மட்டும் எழுதுவது அந்த இருவருக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: போனஸ் கொடுத்தால்...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படியுங்கள்.

முதலில் கேட்டவர்: இன்று ஒருவர் வந்து தவறைச் சொன்னார். "யார்?" என்று கேட்கவில்லை. ஆனால் என் முகம் மாறிவிட்டது, அவரும் பார்த்துவிட்டார்.

பதில்: மாலைக்குள் அவர் இருக்கைக்கே போங்கள். அவர் சொன்னதால் எது காப்பாற்றப்பட்டது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.